சாகாத பொம்மை

அவிநாசி சாலையையொட்டிய அந்த நர்சிங் கல்லூரியின் பயிற்சிக் கூடத்தில் ஆளளவு பொம்மை ஒன்று படுத்திருக்கும். மூச்சு விடும், முனகும், திடீரென்று நாடி நின்றுபோகும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதை ஆட்டிவைப்பவர் ஆசிரியை வரலட்சுமி. மாணவிகள் பதறியடித்து நெஞ்சை அழுத்துவார்கள். என்னதான் சொதப்பினாலும் கடைசியில் பொம்மை பிழைத்துக்கொள்ளும். "வரலட்சுமி மேடம் பொம்மைக்குச் சாவே இல்லீங்க" என்று பிள்ளைகள் கேலி பேசுவார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

சிரிக்க என்ன இருக்கிறது? சில வருடங்களுக்கு முன், சாப்பிட்டு எழுந்த கணவர் திருமலைசாமி பீளமேட்டு வீட்டில் அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை வரலட்சுமிதான் நெஞ்சை அழுத்தினார். கணவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து பொம்மையைக்கூடச் சாகவிட இவருக்கு மனம் வரவில்லை. இதனால் யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டார், பாவம்.

கெடுதல் போனில் வந்தது. பழைய மாணவி ரம்ஷா அழுதாள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு பெரியவருக்கு உயிர் போய்விட்டது. டாக்டர் நிறுத்தச் சொல்லியும் இவள் அழுத்திக்கொண்டே, "இப்ப வந்துருவாருங்க" என்று அவர் மனைவிக்கு நம்பிக்கை சொல்லியிருக்கிறாள். கடைசியில் அவளைப் பிடித்து இழுக்க வேண்டியதாகிவிட்டது.

"அழுத்துனா வந்துருவாங்கன்னுதானுங்க மேடம் பழகியிருந்தேன். அந்தம்மா மூஞ்சியப் பார்க்க முடியலீங்க. வேலைய உட்டுப்போட்டேனுங்க."

வரலட்சுமிக்குத் தன் துக்கத்துக்காக ஒரு நல்ல பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. அடுத்த வகுப்பில் பொம்மை செத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்.

அன்று மாணவி சாய்ப்ரியாவின் முறை. பயிற்சியில் நோயாளியின் உறவினராக நடிக்கும் ஆசிரியை லீவு. அதனால் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் முன்பே போட்டுவிட்டு, நோயாளியின் மனைவியாக வரலட்சுமியே நாற்காலியில் உட்கார்ந்தார். சாய்ப்ரியா ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் திரையில் இதயத் துடிப்புக் கோடு நேராகவே ஓடியது. அவள் மேடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். எழுந்துபோய் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், பொம்மை பிழைத்துவிடும். வரலட்சுமி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஸ்பீக்கரில், பதிவு செய்திருந்த டாக்டரின் குரல் நிறுத்தச் சொன்னது. சாய்ப்ரியா கையுறையைக் கழற்றினாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்கம்மா, எங்களால ஆனதெல்லாம் செஞ்சு பார்த்தோமுங்க. உங்க ஊட்டுக்காரரு இறந்துட்டாருங்க."

இந்த இடத்தில் மனைவி கதறி அழ வேண்டும். வரலட்சுமி வாயே திறக்கவில்லை. திருமலைசாமி போன அன்று இதை அவரிடம் யாருமே சொல்லவில்லை. மருத்துவமனையில் எல்லோரும் தெரிந்தவர்கள். நர்ஸம்மாவுக்குத் தெரியாததா என்று தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டார்கள்.

சாய்ப்ரியா பயந்துபோனாள். "மேடம், தப்பாச் சொல்லிப்போட்டேனுங்களா?"

"இல்ல கண்ணு, சரியாத்தான் சொன்னே" என்றார் வரலட்சுமி. "இன்னொருக்காச் சொல்லு."