அறுநூறாம் நம்பர் அம்பு

அண்ணை இல்லாத முதலாவது ஆண்டு முடிகிறது. அவருக்காகச் செபிக்க வந்த உங்களுக்கு, அவரைப் பற்றி அவருடைய ஒரே தங்கச்சி எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்தவர். மொன்றியலுக்கு வந்து, உணவகத்தில் கோப்பை கழுவி என்னையும் கனடாவுக்குக் கூப்பிட்டு எடுத்தார். எனக்குக் கல்யாணம் கட்டிவைத்தவர், தான் கட்டவில்லை. பார்க் எக்ஸ்டென்ஷனில் தனியே இருந்தார். நான் அதே நகரில், அஹுன்ட்சிக்கில். பஸ்ஸில் அரை மணித்தியாலம்தான். அந்த அரை மணித்தியாலம் எனக்குக் கிடைக்கவேயில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

வேலைத்தலத்து கியூபெக் நண்பர் ஒருவர் அவருக்கு வில்லால் மான் வேட்டை பழக்கினார். பெரிய நம்பர் என்றால் உறுதி என்று நம்பி, அண்ணை அறுநூறு என்று போட்ட அம்புகளை வாங்கினார். எல்லாம் வலப்பக்கம் விலகி ஓடின.

"அட கடவுளே, நம்பர் கூடினா அம்பு கூடுதலா வளையுமாம், பிள்ளை! இது ஆர் கண்டது? என்ர வில்லுக்கு நானூறுதான் சரியாம்" என்று போனில் விழுந்து விழுந்து சிரித்தார்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்கு அவர் வீட்டுக்குப் போனபோது வில்லை என்னிடம் தந்தார். நாணைப் பாதிக்கு மேல் இழுக்க என்னால் முடியவில்லை.

"உனக்கு நாப்பது இறாத்தல் இழுவை உள்ள வில்லுக் காணும். அதுக்கு நல்லா வளையுற அம்பு வேணும்" என்றவர், ஒரு தடியை என் நெஞ்சில் வைத்து விரல் நுனிவரை அளந்தார். "ஒக்டோபர்ல என்னோட காட்டுக்கு வாறியோ?"

"ஓம் அண்ணை, பேந்து பாப்பம்."

ஒவ்வொரு ஒக்டோபரும் அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். போன வருடம் கடும் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தவர், இரண்டு கிழமைக்குள் போய்விட்டார்.

வீட்டை ஒதுக்கும்போது அலுமாரியில் ஆறு அம்புகள் இருந்தன. அறுநூறு. பழைய பிழை அம்புகள் என்று குப்பைக்கு வைத்தேன். வில்லை எடுக்க வந்த அந்த கியூபெக் நண்பர் தடுத்தார். பழையவற்றை அண்ணை எப்போதோ கொடுத்துவிட்டாராம். இவை புதியவை, அவருடைய கைக்கு நீளம் காணாது என்றார். திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பேனையால் 'தங்கச்சி' என்று எழுதியிருந்தது.

அந்த நண்பருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுவந்த மேல்மாடிக் குடும்பத்துக்கும், பூசை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் எங்கள் நன்றி.

அம்பை நெஞ்சில் வைத்துப் பார்த்தேன், அண்ணை. அளவு சரி. நான்தான் வரவில்லை.

தங்கச்சி