சௌரி சாரோடு கத்தார் போய் வந்தது

சௌரி சார் போய்விட்டார் என்று அவர் மகள் அலமேலு போன் செய்தபோது நான் சித்தூர் மைதானத்தில் நடுக்கோடு போட்டுக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி. கையெல்லாம் சுண்ணாம்புத் தூள். "மாமா, அப்பா காத்தால எழுந்துக்கலை" என்று மட்டும் சொன்னாள். ஒன்பது மணிக்கு ஆட்டம். மீதிக் கோட்டையும் போட்டு முடித்த பிறகுதான் திருப்பதி பஸ் ஏறினேன். இதைத் தப்பாக நினைக்காதீர்கள். பாதியில் விட்டுவிட்டு வந்தேன் என்று தெரிந்தால், சார் படுத்த இடத்திலிருந்தே என்னைத் திட்டியிருப்பார்.

என் பெயர் முனிரத்தினம். கால்பந்து மைதானத்தில் நாற்பது வருடமாகக் கோடு போடுகிறவன். சாரைத் தெரிந்த நீங்கள் எல்லோரும் அவரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு நானும் எழுதுகிறேன். நான்கு நாளாக எழுதுகிறேன். சந்தோஷமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அவரை நினைத்தால் எனக்கு அப்படித்தான் வருகிறது.

அவர் திருப்பதியில் கோயில் கைங்கர்யம் செய்யும் குடும்பம். காலையில் கோயில், மாலையில் மைதானம். நெற்றியில் திருமண்ணோடு விசில் ஊதிய ரெஃப்ரி நம் பக்கத்தில் அவர் ஒருவர்தான். எனக்கு அளக்கும் டேப்பைப் படிக்கத் தெரியாது. முடிச்சுப் போட்ட கயிறு ஒன்று வைத்திருந்தேன். இந்த முடிச்சு கோல் எல்லைக்கு, அந்த முடிச்சு பெனால்டி புள்ளிக்கு. ஒரு முறை மழையில் நனைந்து கயிறு சுருங்கிப் போனது எனக்குத் தெரியவில்லை. சார் காலடியால் அளந்து பார்த்துவிட்டு ஆட்டத்தை ஆரம்பிக்க மாட்டேன் என்றார். கூட்டம் கத்தியது. "ஓரடிதானே சாமி, விடு! விசில்ல பல்லி பூந்துக்கிச்சா?" அவர் அசையவில்லை. நான் கோட்டை அழித்து மறுபடி போட்டு முடிக்கும்வரை, வெயிலில் என் பக்கத்திலேயே நின்றார். "கோடு சரியா இருந்தாத்தான் என் விசிலுக்கு மரியாதை. அதனால நீதான் முதல் ரெஃப்ரி" என்றார். என் வேலையை அப்படி யாரும் அதற்கு முன் சொன்னதில்லை.

உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்தையாவது நேரில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கத்தாரில் நடக்கப் போகிறது என்றதும் துள்ளினார். அங்கே வேலையில் இருந்த அவர் தங்கை மகன் இரண்டு டிக்கெட் எடுத்தான். ஆனால் சாருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலமேலு ஒரே பேச்சாகச் சொன்னாள்: "கூட ஒருத்தர் போகணும். மருந்துச் சீட்டு படிக்கத் தெரிஞ்சவரா இருக்கணும். இல்லேன்னா டிவியில பாருங்கோ." படித்தவர்களுக்கு லீவு கிடைக்கவில்லை. சார் என்னைக் கூப்பிட்டார்.

"நானா? எனுக்குப் பேரு போடவே தெரியாதே சார்."

"அஞ்சு மாசம் இருக்கு. நீ படிக்கறே, நான் போறேன்."

அவருக்குத் திருப்பதி, எனக்குச் சித்தூர். நடுவில் பாகாலா. வாரம் இரண்டு நாள் பாகாலா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். "இது ட. கார்னர் போடறியே, அதுதான். இது ப. கோல்போஸ்ட்டைக் கவுத்துப் போட்டது. உனக்கு இந்த எழுத்தெல்லாம் நாப்பது வருஷமாத் தெரியும், பேர்தான் தெரியாது" என்றார். பக்கத்தில் இட்லி துன்னுக்கினு இருந்த போர்ட்டர் ஒருவர், "இன்னாண்ண, பொண்ணு பாக்கப் போறியா, ஸ்லேட்டும் கையுமா?" என்று கேட்டார். "இல்ல நைனா, பாரின் போறேன்" என்றேன். அவர் நம்பவில்லை. எனக்கும் முழு நம்பிக்கை இல்லை.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது அலமேலு வீட்டில் பரீட்சை. அவள் ஒரு தாளை நீட்டினாள். "எந்த மாத்திரை எப்போ, நெஞ்சு வலிச்சா என்ன பண்ணணும், எல்லாம் எழுதியிருக்கேன். படிங்கோ மாமா."

பார்த்தேன். ஒரு ட இல்லை, ஒரு ப இல்லை. எல்லாம் உருண்டை உருண்டையாக இருந்தன. "இன்னா சார், நீங்க சொல்லிக்குடுத்தது ஒண்ணுகூட இல்லியே!"

சார் வாங்கிப் பார்த்தார். "அலமேலு, இது தெலுங்குன்னா!"

"பின்னே? நான் படிச்சது தெலுங்கு மீடியம். தமிழ் பேச வரும், எழுத வராது. நீங்க சொல்லிக் குடுத்தேளா?"

நாங்கள் மூன்று பேரும் தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து மாதத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. "அப்போ வேண்டாம்ப்பா" என்று அவள் தாளை மடித்தாள். சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"அலமேலும்மா, நீ வாயால சொல்லு. நான் எழுதிக்கறேன்" என்றேன்.

எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. எழுதியதை மூன்று முறை படிக்கச் சொன்னாள். தப்பு இருந்தால் அவளுக்குத் தெரியாது. தப்பைப் பார்த்த சார் வாயைத் திறக்கவில்லை. "மூணு தடவையும் ஒரே மாதிரி படிச்சேள். போயிட்டு வாங்கோ" என்றாள். சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை.

சென்னை விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி, பத்தாவது படிக்காதவன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறானோ என்று நிறுத்தினார். "என்ன வேலை?" என்றார். உள்ளதைச் சொன்னேன். "கிரவுண்டுல கோடு போடற வேலைங்க." "அங்க போய்க் கோடு போடப் போறியா?" வரிசையே என்னைப் பார்த்தது. சார் பின்னாலிருந்து, ஊர் திரும்புவதற்கான டிக்கெட்டை நீட்டினார். "இல்லே சார். அங்க போட்டிருக்கற கோடு சரியா இருக்கான்னு பார்த்துட்டு வரப் போறான்." அதிகாரி சிரித்துவிட்டார்.

கத்தாரில் ஆட்டத்தன்று மெட்ரோவிலிருந்து மைதானத்துக்கு நீண்ட நடை. வழியில் சார் திடீரென்று கீழே உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. தாளை எடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'நாக்கின் கீழ் மாத்திரை ஒன்று. பேச விடாதே. சக்கர நாற்காலி கேள்.' அப்படியே செய்தேன். மலையாளத் தம்பி ஒருவர் சக்கர நாற்காலி கொண்டு வந்தார். மைதானத்து டாக்டர் பார்த்து, உட்கார்ந்து பார்க்கலாம், நடக்கக் கூடாது என்றார். நாங்கள் உள்ளே போனபோது ஆட்டம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. நான் வருத்தப்பட்டேன். "முதல் விசில் போனாப் போறது. கடைசி விசில் இருக்கே" என்றார் சார்.

எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். சார் ரெஃப்ரியை மட்டும் பார்த்தார். இவர் விரல் உயரும், அங்கே விசில் கேட்கும். ஒரு முறை மட்டும் இவர் விரல் உயர்ந்தது, அங்கே விசில் வரவில்லை. பெரிய திரையில் மறுபடியும் காட்டினார்கள். சார் தப்பு. அவருக்கு ஒரே ஆனந்தம். "பார்த்தியா, அவன் கிட்ட இருந்தான், நான் தூரத்துல இருந்தேன். தூரத்துல இருக்கறவன் சத்தம் போடலாம், தீர்ப்பு சொல்லப்படாது" என்று தொடையில் தட்டிக்கொண்டார். கோடுகளைப் பற்றிக் கேட்பீர்கள். நூல் பிடித்தது போல இருந்தன. சுண்ணாம்பு இல்லை, ஏதோ பெயின்ட். என்னால் குறை சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம் நன்றாக இருந்தார். தூக்கத்தில் போனார்.

பதிமூன்றாம் நாள் போயிருந்தேன். அலமேலு அவர் பெட்டியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தாள். கத்தாரில் தினமும் அறைக்குத் திரும்பியதும் அவர் தமிழில் எழுதியது. எனக்கே தெரியாது. "படிச்சுச் சொல்லுங்கோ மாமா" என்றாள். முதல் வரியைப் படித்தேன். 'அலமேலு இங்கே இருந்தால் இந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கை தட்டுவாள்.'

இரண்டாவது வரிக்குப் போவதற்குள் அவள் நோட்டின் மேல் கையை வைத்தாள். "போறும் மாமா. மீதியை நானே படிக்கறேன். எழுத்தை மட்டும் சொல்லிக் குடுங்கோ."

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்பதிக்குப் போகிறேன். அவள் என்னைவிட வேகமாகக் கற்றுக்கொள்கிறாள், பள்ளிக்கூடம் போனவள் அல்லவா. போன வாரம் முதல் பக்கத்தை யார் உதவியும் இல்லாமல் படித்தாள். நடுவில் இரண்டு முறை நிறுத்தி அழுதாள், ஒரு முறை சத்தமாகச் சிரித்தாள். இன்னும் முப்பது பக்கம் இருக்கிறது. நோட்டு மேஜை மேல்தான் இருக்கிறது. அவள் காபி போடப் போகும்போது நான் புரட்டிப் படித்துவிடலாம். சாரிடமிருந்து எனக்கு இன்னும் மிச்சம் இருப்பது அந்த முப்பது பக்கம்தான். அவள் குரலிலேயே கேட்டுக்கொள்ளலாம் என்று நான் தொடவில்லை.