முப்பத்தேழாம் இலக்கக் குடும்பம்

இது நடந்தது. எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன், நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பேயை நம்புகிற ஆளில்லை நான். முப்பது வருஷமாகக் கம்பியூட்டர்களோடு மாரடிக்கிறேன். அவற்றில் கண்ட அநியாயம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு மனிதர்தான் இருந்தார். பெரும்பாலும் மேலதிகாரி. இந்த ஒன்றைத் தவிர.

ஜனவரிப் போயா தினம், பௌர்ணமி விடுமுறை. பிற்பகல் 1.40. லீவு நாளின் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். தொலைபேசி அடித்தது.

“கலாநிதி மோகனராஜ் பேசுகிறேன்.”

இவரை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும். கலாநிதிப் பட்டம் போன வருஷம்தான் தபாலில் வந்தது. அன்றிலிருந்து வீட்டு நாயிடமும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகிறார் என்று கேள்வி. கண்டியில் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தலைவர். நவம்பர் மழையில் பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில் மலை சரிந்தது. கீழ்ப் பிரிவில் தொழிலாளரின் வரிசை வீடுகளான மூன்று லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே இருந்தது மொத்தம் ஐம்பத்தொன்பது குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒன்று என்று ஐம்பத்தொன்பது வீடு கட்டித் தர இந்த நிறுவனம் ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெயர்ப் பட்டியலைக் கையளிக்க வேண்டும். பட்டியலில் இல்லாதவருக்கு வீடு இல்லை.

“உங்கட டேட்டாபேஸ் உடைஞ்சு போச்சு. ஒண்டும் திறக்குதில்ல” என்றார். நல்லபடி இருந்தால் அவருடைய டேட்டாபேஸ். உடைந்தால் என்னுடையது.

“எதையாவது தொட்டீங்களா?”

“நானா? சே! அந்த ஃபோல்டருக்குச் சும்மா ‘பன்வில’ எண்டு பேர் கிடந்தது. அதை மட்டும் மாத்தினேன். ‘கலாநிதி மோகனராஜ் நிவாரணத் திட்டம்’ எண்டு.”

அதுதானே பார்த்தேன்.

“இன்னொண்டு. முப்பத்தேழாம் நம்பர் வீரய்யா குடும்பம். நாலு பேரும் முடிஞ்சுது. அந்த வரியை அழிச்சிடுங்க. அந்த வீட்டைத் தகவல் நிலையமாக்கப் போறோம். என்ட பேர்ல.”

“எல்லாரும் முடிஞ்சது நிச்சயமா?”

“மூணு பேரைத் தோண்டி எடுத்தாங்க. சின்னப் பிள்ளை மட்டும் கிடைக்கேல்ல. ஏழு கிழமையாச்சே, இனி என்ன? சரி, எனக்கு மாலை போடக் காத்திட்டிருக்காங்க.” வைத்துவிட்டார்.

மழையில் நனைந்து, ஏற்றம் ஏறி, அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 2.35. மக்கீன் நானா கதவைத் திறந்தார். சாவி, தேநீர், துடைப்பம் மூன்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அந்த நிறுவனத்தில் உண்மையாக வேலை செய்கிற ஒரே ஆள்.

“போயாவுக்கும் லீவு இல்லையா சேர்?”

“கலாநிதிமாருக்கு மட்டும்தான் லீவு, நானா.”

விஷயம் இதுதான். கண்டியில் இருக்கும் கோப்பில் இரண்டு அட்டவணைகள் தெரியும். ஒன்று, மலை சரிவதற்கு முன்பே பன்வில கிளையில் எடுத்த குடும்பக் கணக்கு. மற்றது, சரிவுக்குப் பிறகு தெல்தெனிய கிளையில் எழுதிய அடையாளம் தெரியாதோர் பட்டியல். இரண்டும் இங்கே தெரியுமே தவிர, இங்கே இல்லை. இதே கம்பியூட்டரில்தான், ஆனால் வேறு வேறு கோப்புகளில் இருக்கின்றன. இங்கே இருப்பது அங்கே போகும் வழி மட்டும். அதற்குப் பெயர் இணைப்பு. வழியிலுள்ள ஃபோல்டரின் பெயரை மாற்றினால் வழி அறுந்துவிடும். மறுபடி காட்டிக் கொடுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலை.

2.50. என் பெயரில் உள்ளே நுழைந்தேன். இணைப்புகளை நிர்வகிக்கும் சாளரத்தைத் திறந்து, இரண்டு அட்டவணைக்கும் சரி அடையாளம் போட்டு, புதிய இடத்தைக் காட்டினேன். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்றது.

குடும்ப அட்டவணையைத் திறந்தேன்.

திறந்ததும் எப்போதும் முதல் வரியில்தான் நிற்கும். அன்றைக்கு முப்பத்தேழாம் வரியில் நின்றது.

வீரய்யா, வயது 63. மகன். மருமகள். பேத்தி, பெயர் எழுதாமல். ‘பிறந்து மூன்று நாள்’ என்று மட்டும் ஒரு பழைய குறிப்பு. ஆறு வருஷத்துக்கு முந்திய கணக்கை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். நமது ஆட்கள்தானே.

அழித்தேன். ‘ஒரு பதிவு அழியப் போகிறது, சரியா?’ என்று கேட்டது. சரி என்றேன். ஐம்பத்தெட்டு.

மூடித் திறந்தேன். ஐம்பத்தொன்பது.

கண் மங்கிவிட்டது என்று நினைத்தேன். இந்த வயதில் முதலில் கண்ணைத்தான் சந்தேகப்படுவோம். மறுபடி அழித்தேன். 3.31. இந்தத் தடவை ஒரு செய்தி வந்தது.

‘இந்தப் பதிவை அழிக்க முடியாது. இதனோடு தொடர்புடைய பதிவு வேறோர் அட்டவணையில் உள்ளது.’

இங்கேதான் எனக்கு முதுகு லேசாகக் குளிர்ந்தது. ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு அட்டவணையும் ஒரே கோப்பில் இருந்தால் இந்தச் செய்தி வரும். வேறு வேறு கோப்பில் இருந்தால் வராது. அந்த மென்பொருளுக்கு அந்தச் சக்தி கிடையாது. பல வருஷம் முயன்று பார்த்துக் கைவிட்டவன் நான்.

தெல்தெனியப் பட்டியலைத் திறந்தேன். ஆறு வரிகள். நான்காவது வரி: பெண் பிள்ளை. ஆறு வயதளவில். பெயர் தெரியாது. உயிருடன். பராமரிப்பவர் ஆஸியா உம்மா, தெல்தெனிய, ஒரு தொலைபேசி இலக்கம். குடும்ப இலக்கம் என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

தொடர்பு எதுவும் இல்லை. பிறகு எதைச் சொல்கிறது இந்தச் சனியன்?

“சேர், பிளேன்டீ” என்று நானா கூப்பிட்டார். எழுந்து குசினிக்குப் போனேன். 3.50. கட்டடத்தில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் குசினியில்.

3.55க்குத் திரும்பி வந்தேன்.

நான்காவது வரியில், வெறுமையாக இருந்த கட்டத்தில், 37 என்று இருந்தது.

யார் மாற்றினாலும் பெயரும் நேரமும் தானாக விழும்படி நான்தான் செய்து வைத்திருந்தேன். பார்த்தேன். பதிந்தவர்: பிரேமிளா. நேரம்: 3.52.

கோபம்தான் வந்தது, பயமல்ல. யாரோ வீட்டிலிருந்து வேலை செய்கிறார்கள், எனக்குச் சொல்லவில்லை. அப்புறம்தான் பார்த்தேன். மழைக்கு இன்டர்நெட் காலையிலிருந்தே இல்லை. வயர் சுவரிலிருந்து கழன்று தொங்கியது.

“நானா, பிரேமிளா என்கிறது யாரு?”

அவர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

“பன்வில ஆபீஸ்ல இருந்த புள்ள சேர். கணக்கெல்லாம் அதுதான் அடிச்சது.”

“இப்ப எங்க?”

“அண்டைக்கு மழையில, லயத்துச் சனத்தக் கிளப்பப் போறேன்னு மேல ஏறிச்சு...” நிறுத்தினார். “இன்னும் வரல்ல.”

மழை தகரத்தில் இரைந்தது. நான் உட்கார்ந்தேன். படித்த மனுஷன் செய்ய வேண்டியதைச் செய்தேன். 37 ஐ அழித்தேன்.

வெறுமை.

பத்து விநாடி...

டக்.

3.

டக்.

7.

ஒற்றை விரலால் அடிக்கிறவர்கள் அடிப்பதுபோல, நிதானமாக. என் இரண்டு கையும் மடியில் இருந்தன. நானா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

விசைப்பலகையைப் பார்த்தேன். 3லும் 7லும் ஈரமாய்ச் செம்மண்.

“எழும்புங்க சேர்” என்றார் நானா. “எழும்பிடுங்க.”

4.20. கரண்ட் போனது.

அறை இருண்டது. குசினி விளக்கு போனது. தெரு விளக்கு போனது.

திரை மட்டும்... போகவில்லை.

யூபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பட்டறி செத்து இரண்டு வருஷம். கலாநிதியின் மாலை போட்ட படத்தை அதன் மேல்தான் சாத்தி வைத்திருக்கிறார்கள்.

நான்காவது வரி. பெயர் என்ற கட்டம். ‘தெரியாது’ என்பது ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போனது.

டக்... டக்...

க

கஜ

கஜனி

ஓடினோம். வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்களும் ஓடியிருப்பீர்கள்.

வாசலில் நின்றோம். நானா வாய்க்குள் ஓதிக்கொண்டே இருந்தார். உள்ளே விசைச் சத்தம் நிற்கவில்லை. ஒரு பெயருக்குரிய அளவல்ல. நீளமாக. நடுவில் நிறுத்தி, யோசித்து, மறுபடி. அலுத்துப்போன ஒருத்தி, லீவு நாளில், முடித்துவிட்டுத்தான் போவேன் என்று அடிப்பதுபோல.

பிறகு நின்றது.

4.40. கரண்ட் வந்தது.

உள்ளே போக எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. திரை சாதாரணமாக இருந்தது. குடும்ப அட்டவணையை அச்சடித்தேன். ஐம்பத்தொன்பது பெயர். வேறெதையும் திறந்து பார்க்கவில்லை. பார்க்கிற தைரியம் இல்லை.

5.25க்குக் கலாநிதி தொலைபேசியில் கூப்பிட்டார். பின்னால் மேளச் சத்தம்.

“அழிச்சாச்சா?”

“இல்ல. ஐம்பத்தொன்பதுதான் போகும்.”

“நான் தெளிவாச் சொன்னேனே! அங்க ஒரு மனுஷரும் மிச்சமில்ல!”

“நீங்களே வந்து அழிங்க. கதவு திறந்திருக்கு.”

அவர் வரவில்லை. மாலை கனமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை 8.15. நான்காவது வரியிலிருந்து முதல் நாளே குறித்து வைத்திருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்தேன். ஆஸியா உம்மா எடுத்தார். அவருடைய மகன் ஷப்ராஸ் லொறி ஓட்டுகிறவர். மலை சரிந்த அன்று, தோட்டத்துக்குக் கீழே பாதையோரம் தலையில் இரத்தத்தோடு நின்ற பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாராம். பன்விலைக்குத் திரும்ப வழியில்லை. பாதை மறுபக்கம் மட்டும்தான் திறந்திருந்தது. ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். பொலிசில் எழுதினார்கள். தெல்தெனியப் பட்டியலில் ஒரு வரியாய்ப் பிள்ளை ஏறியது. பன்வில பட்டியலில் அதே பிள்ளை செத்துப் போயிருந்தது. இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

“ஏழு கிழமையா வாயத் தொறக்கல்ல மகன்” என்றார் உம்மா. “பேரக் கேட்டா செவரப் பாக்கும்.”

“கஜனி எண்டு கூப்பிட்டுப் பாருங்க.”

“என்னது?”

“கஜனி.”

தொலைபேசியைக் கீழே வைக்கும் சத்தம். கோழிச் சத்தம். தூரத்தில் உம்மாவின் குரல், ஒரு தடவை, இரண்டு தடவை.

பிறகு ஒரு சின்னக் குரல்.

“ம்...?”

அவ்வளவுதான். உம்மா அழத் தொடங்கிவிட்டார்.

புசல்லாவையில் பிள்ளையின் தாயோடு பிறந்த ஞானேஸ்வரி இருந்தார். அன்று மாலையே பஸ் பிடித்து வந்து, பார்த்து, கட்டிக்கொண்டார். முப்பத்தேழாம் வீடு பிள்ளைக்குத்தான். ஞானேஸ்வரி வளர்ப்பார். பட்டியல் கையளித்த மேடையில் கலாநிதி இருபது நிமிஷம் பேசினார், தமது தொலைநோக்கினால் தரவுகள் எவ்வாறு இணைந்தன என்று. ஃபோல்டரின் பெயரை மாற்றியதைத் தவிர அந்த இணைப்பில் அவருக்கு வேறு பங்கில்லை. நான் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தேன். தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் ஏதோ கம்பியூட்டர் கோளாறு என்று மனதைத் தேற்றியிருப்பேன்.

அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை, தோட்டத்துக்குக் கீழே ஓடையைத் துப்புரவாக்கிய மண்வெட்டி இயந்திரம் ஓர் உடலைப் புரட்டியது. முகத்தை வைத்து அடையாளம் சொல்ல இயலவில்லை. கழுத்திலிருந்த அலுவலக அட்டையை வைத்துச் சொன்னார்கள். விவரத்தைப் பதிய வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். புதன்கிழமை, முற்பகல் 10.10. நல்ல வெயில். அறையில் நாலு பேர் இருந்தார்கள். தெல்தெனியப் பட்டியலைத் திறந்தேன், ஏழாவது வரியைச் சேர்க்க.

ஏழாவது வரி ஏற்கெனவே இருந்தது.

பெண். இருபத்தாறு வயதளவில். இறப்பு. இடம்: கீழ்ப் பாலத்துக்கு முன்னால், ஓடை திரும்பும் இடம், பெரிய கல்லுக்கு அடியில்.

இயந்திரம் புரட்டியது அந்தக் கல்லைத்தான்.

குடும்ப இலக்கம்: வெறுமை.

பதிந்தவர்: பிரேமிளா. போயா தினம், பிற்பகல் 4.31.

பெயர்: தெரியாது.