பேருந்து நிலையத்துக் காற்று

இந்த வயதில் என்ன படிப்பு என்று வாஸ்லுய் ஊரே வெத்தூரியாவைக் கேலி செய்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் நர்ஸாக இருந்தவள். பிறகு இத்தாலியில், பதோவா நகரத்தில், ஒரு கிழவியம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, தூங்கவைத்து, வீட்டுக்குப் பணம் அனுப்பியே பல வருடங்களைக் கழித்தவள். ஊர் திரும்பியதும் சும்மா இருக்கப் பிடிக்காமல், மாதம் ஒருமுறை யாஷ் நகரத்துக்கு ரயிலேறிப் போய் ஃபங்ஷனல் மெடிசின் படித்தாள். வலிக்கிற இடத்துக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல், சாப்பாடு, தூக்கம், கவலை, வீட்டு நிலவரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நோயின் வேரைத் தேடுகிற படிப்பு அது.

பாடம் நடத்தியவர் டாக்டர் மிருனா. கெட்டிக்காரி, கறார் பேர்வழி.

"முதல்ல நோயாளி பேசி முடிக்கட்டும். நடுவுல நீங்க வாயத் தொறந்தா அது வைத்தியம் இல்ல, அரட்டை. அவங்க சொல்றது தப்பாவே இருந்தாலும் திருத்தாதீங்க."

திருத்தாமல் இருப்பது எங்கள் ஊர் ஆட்களிடம் லேசான காரியமா? எங்களைக் கேட்டால் பல்வலி, முதுகுப் பிடிப்பு, காதடைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான்: எதிரெதிர் ஜன்னல் திறந்திருக்கும்போது குறுக்கே அடிக்கிற காற்று. மிருனா அதைச் சொல்லிச் சிரிப்பார். சிரித்துக்கொண்டே ஒருநாள் வகுப்பு ஜன்னல்களைத் திறந்துவிட்டார். உடம்பைப் பற்றி அத்தனை படித்த வகுப்பில் பாதிப் பேர் கழுத்துத் துணியை இழுத்துச் சுற்றிக்கொண்டார்கள், வெத்தூரியா உட்பட.

கடைசிப் பயிற்சிக்கு ஒருவரை உட்காரவைத்து அவர் வாழ்க்கை முழுவதையும் கேட்க வேண்டும். வெத்தூரியா தன் புருஷன் திராகொமிரைப் பிடித்தாள். வருடக்கணக்காக அவனுக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அவளுக்கு உள்ளே வேறொரு எரிச்சல் இருந்தது. பதோவாவில் இருந்தவரை ஞாயிறுதோறும் போன் வரும். கூரை போட்டாச்சு, மகள் சொரானா பரீட்சை எழுதியாச்சு, இங்கே எல்லாரும் நல்லா இருக்கோம். அவ்வளவுதான் பேச்சு. 'வந்துடு' என்ற ஒரு சொல்லுக்காக அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்பாள். அது வரவே இல்லை. தான் இல்லாத குறை இந்த மனுஷனுக்குத் தெரியவே இல்லையோ என்ற ஏக்கம், திரும்பி வந்த பிறகும் அவளை விடவில்லை. வாய்விட்டுக் கேட்கவோ ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், புளிப்பு சூப் குடித்து முடித்த கையோடு இருவரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறவன் மாதிரி அவன் தலையைப் படிய வாரியிருந்தான்.

"நீங்க கடைசியா முழு ஆரோக்கியமா இருந்தது எப்போ?"

"அடேயப்பா, நீங்களா! கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மரியாதை கெடைக்கலையே, டாக்டரம்மா!"

"வெளையாடாதய்யா. பதிலச் சொல்லு."

அவன் கொஞ்சம் யோசித்தான். "ஒன்ன இத்தாலிக்கு பஸ் ஏத்திவிட்ட அன்னிக்கு வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். பஸ் ஸ்டாண்டுல நின்னேன்ல, குறுக்க காத்து அடிச்சுச்சு. வயித்துக்குள்ள பூந்துடுச்சு. அன்னிலேருந்துதான்."

காற்றாவது, வயிற்றில் புகுவதாவது! போதாக்குறைக்கு, அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. வியர்த்துக் கொட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சொல்ல வாயெடுத்தவள், மிருனாவை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவள் பேசாமல் இருக்கவே, அவன்தான் மறுபடி ஆரம்பித்தான்.

"ரொம்ப நேரம் நின்னுட்டேன், அதான் வெனை. பஸ் போயிடுச்சு. நீ எதையாச்சும் மறந்துருப்ப, எறங்கி வந்துருவேன்னு ஒரு நெனப்பு. வெளக்குப் போடுற வரைக்கும் அங்கயே நின்னேன். வீட்டுக்கு வந்தா சோறு எறங்கல. அப்புறமெல்லாம் அடுப்படியில நின்னுக்கிட்டே எதையாவது தின்னுட்டுப் போயிருவேன். மேசையில ஒக்காந்தா எதிர்ல ஆளில்லாம..." நிறுத்திக்கொண்டான். "காத்துதான்," என்றான்.

அதற்கு மேல் அவளால் பயிற்சி விதியைக் காப்பாற்ற முடியவில்லை.

"போன்ல ஒருவாட்டி சொல்லியிருக்கலாம்ல? ஒரே ஒருவாட்டி?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தான். "சொன்னா வந்துருப்பியே."

"வந்துருப்பேன்."

"அதான் சொல்லல. அந்தப் புள்ள படிப்பு பாதியில நின்னுருக்கும். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் நாக்கு நுனி வரைக்கும் வரும். கூரையப் பத்திப் பேசிட்டு வெச்சிருவேன்."

இத்தனை வருடம் அவள் அந்தப் பக்கம் காத்துக் கிடந்த சொல்லை இவன் இந்தப் பக்கம் மென்று விழுங்கியிருக்கிறான். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போன வருடங்கள் போனதுதான். இருவருக்கும் தலை நரைத்தாயிற்று. இனி எந்தப் பத்தியமும் அந்த வருடங்களைத் திருப்பித் தரப்போவதில்லை.

"இப்பச் சொல்லேன்," என்றாள்.

"எதை?"

"வந்துடுன்னு."

"பைத்தியமா ஒனக்கு? அதான் வந்துட்டியே."

"பரவால்ல. சொல்லு."

அவன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டான், தொண்டையைச் செருமினான், ஜன்னல் பக்கம் திரும்பினான். அவள் காத்திருந்தாள்.

"வந்துடு, வெத்தூரியா," என்றான், ஏதோ தூரத்து ஊருக்குப் பேசுகிறவன்போல் உரக்க.

அவள் எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள்.