விட்டுக்கொடுத்த லீவு

அறந்தாங்கிப் பக்கம் இரண்டு ஊரில் என்னைத் தங்கமான மனுஷன் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எழுதிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருக்கிறது.

துபாய் ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு லீவு. என் முறைக்கு மூன்று வாரம் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்த ஒருவனோடு போகக்கூடாத வீட்டுக்குப் போனேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. நானாகத்தான் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன், எருமை.

ஒரு வாரம் கழித்து அவன் என்னை ஓரமாகக் கூப்பிட்டான். "மாப்ள, எனக்குக் கீழ கொப்புளமா வந்திருக்கு. டாக்டர் ஹெர்பீஸ்ங்கிறாரு. ரெண்டு பேரும் ஒரே எடத்துக்குத்தான போனோம், நீயும் பாத்துக்க."

அந்த வீட்டுக்குப் போன ஒன்பதாம் நாள் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். நெகட்டிவ் என்று வந்தது. அன்றைக்குப் பிரியாணி வாங்கித் தின்றேன், வெட்கம் கெட்டவன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பேப்பரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். மதுரைப் பக்கத்து டாக்டரம்மா. பேப்பரில் தேதியைப் பார்த்துவிட்டு, "என்னைக்குப் போனீங்க?" என்று கேட்டார். என் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒன்பது நாள்ல எடுத்துட்டு நெகட்டிவ்னு சந்தோஷப்பட்டா எப்படி? கிருமிக்கு எதிரா உடம்பு உண்டாக்குறதைத்தான் இந்த டெஸ்ட் பாக்குது. சில பேருக்குச் சீக்கிரம் தெரியும். ஆனா பன்னெண்டு வாரம் போனாத்தான் நம்பிச் சொல்லலாம். நடுவுல புண்ணு வந்தா உடனே வாங்க, அதுலேர்ந்தே எடுத்துப் பாத்துடலாம். புண்ணே தெரியாதவங்ககிட்ட இருந்தும் ஒட்டும், ஞாபகம் வச்சுக்குங்க."

"பத்து நாள்ல ஊருக்குப் போறேன் டாக்டர்."

"அப்போ வீட்டுல சொல்லிடுங்க."

சொல்வதாம்! இரண்டு வருஷமாக நாள்காட்டியைக் கிழித்துக்கொண்டு காத்திருப்பவளிடம் என்னவென்று சொல்வது? சொல்லாமல் போனால், என்ன காரணம் சொல்லித் தள்ளிப் படுப்பது?

அப்போது என் ரூமில் இருந்த தம்பி ஒருவன், பக்கத்து ஊர்க்காரன், தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தான். அவன் முறை எனக்கு மூன்று மாதம் பின்னால். கேட்டதற்கு மாஃபி, கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. "என் முறைல நீ போடா, உன் முறைல நான் போறேன்" என்றேன்.

அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "இந்த சென்மத்துல மறக்க மாட்டேண்ணே." மெஸ்ஸில் எல்லாரும் கைதட்டினார்கள். போனில் சொன்னபோது என் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஒரு பொண்ணு கல்யாணம்ல. நீங்க செஞ்சது சரிதாங்க" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

கல்யாணத்துக்கு அவளைக் கார் வைத்து அழைத்துப்போய், முன்வரிசையில் உட்கார வைத்து, பட்டுச்சேலை கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சேலையோடு போட்டோ அனுப்பினாள். நான் அதைப் பார்த்துவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

புண் எதுவும் வரவில்லை. ஆனாலும் தினமும் குளிக்கிற இடத்தில் என்னையே திருடனைச் சோதிக்கிற மாதிரி சோதித்தேன். பதினாலாவது வாரம் மறுபடி ரத்தம் கொடுத்தேன். நெகட்டிவ். "எந்த டெஸ்ட்டும் நூத்துக்கு நூறு கிடையாது. ஆனா இதை நம்பலாம், ஊருக்குப் போங்க" என்றார் டாக்டரம்மா.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அந்தத் தம்பியின் அம்மா பஸ் ஏறி என்னைப் பார்க்க வந்துவிட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உன்னைப் பெத்த வயிறு குளிரணும் ராசா." பின்னால் காபியோடு நின்ற என் மனைவியின் முகத்தில் அவ்வளவு பெருமை. ஐயோ, அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து, சமையல்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போன வீடு, ஒன்பதாம் நாள், லீவை விட்ட காரணம், ஒன்றையும் மறைக்கவில்லை. சொல்லி முடித்ததும், "ஒண்ணும் இல்லன்னு வந்திருச்சு, பாரு" என்று பேப்பரையும் நீட்டினேன், பாஸ் பண்ணின மார்க் ஷீட்டை நீட்டுகிற மாதிரி.

அவள் அதை வாங்கவில்லை. கத்தவுமில்லை.

"இல்லன்னு வந்ததால சொல்றீங்க. இருக்குன்னு வந்திருந்தா சொல்லியிருப்பீங்களா?"

சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, நீட்டிய பேப்பரை மடித்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.