பேக்கரி லைனுக்கு எஞ்சினியர் வந்த நாள்

குன்னூரில் நாங்கள் குடியிருந்த கட்டடம் இருந்த இடத்தில் இப்போது ஒரு தங்கும் விடுதி நிற்கிறது. அதன் கீழ்த்தளத்தில் காபிக்கடை. போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக மலையேறியபோது, மழைக்கு ஒதுங்குகிற சாக்கில் மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். சுவர் முழுக்கப் பழைய குன்னூரை மாட்டி வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையம், சந்தை, தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். எல்லாவற்றுக்கும் நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாக, எங்கள் முற்றத்துச் சுவர்.

மேலிருந்து கீழ்வரை வெடித்த சுவர். அதன் குறுக்கே கொடி கட்டி, பள்ளிக்கூடச் சீருடைகள் காய்கின்றன. படத்தின் ஓரத்தில் ஒரு குடையின் நுனி மட்டும் தெரிகிறது. பழைய மலையூரின் எளிய அழகு என்ற பொருளில் கீழே ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

காபி கொண்டுவந்த பெண், "எல்லாரும் இதுக்கு முன்னாடி நின்னுதானுங்க மேடம் போட்டோ எடுப்பாங்க. நீங்களும் பாப்பாவும் நில்லுங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்றாள்.

அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை. எனக்குத்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். பஸ் நிலையம் வரை நனைந்துகொண்டே நடந்தோம். ஏன் என்று மகள் கேட்டுக்கொண்டே வந்தாள். அது அழகுக்காக எடுத்த படம் இல்லை. எங்களை வெளியேற்றுவதற்காக எடுத்த படம். எடுத்த அன்று நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்கரி லைன் என்று எங்கள் இடத்துக்குப் பெயர். ரோட்டைப் பார்த்தபடி ரொட்டியும் வர்க்கியும் சுடுகிற பேக்கரி. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு நான்கு வீடுகள். ஒன்றில் நாங்கள், அடுத்ததில் பெரியப்பா குடும்பம், அதற்கடுத்து எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர், கடைசி வீட்டில் பேக்கரியிலேயே வேலை பார்த்த ஒரு குடும்பம். கூரை தகரம், தரை பலகை. அப்பா தேயிலைக் கிடங்கில் கணக்குப் பிரிவில் இருந்தார். அவர் பிறந்ததும் அதே வீட்டில்தான்.

பேக்கரியின் விறகடுப்பு எங்கள் முற்றத்துச் சுவரை ஒட்டி இருந்தது. விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைத்தால் சாயங்காலம் வரை சுவர் கதகதவென்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் துணி காயாது. துவைத்ததைக் காயப்போட்டால் காளான்தான் முளைக்கும். எங்களுக்கு அந்தக் கவலை கிடையாது. சுவரில் யார் எந்தப் பக்கம் கொடி கட்டுவது என்று பெண்கள் தங்களுக்குள் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். எங்கள் சீருடையில் எப்போதும் வர்க்கி வாசனை அடிக்கும். முதல் பாடவேளையிலேயே பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குப் பசி வந்துவிடும்.

இதைக் கேட்டதும் நீங்கள் அந்தக் கட்டடத்தை அழகாகக் கற்பனை செய்ய ஆரம்பித்திருப்பீர்கள். தயவுசெய்து வேண்டாம். கழிப்பறை எல்லோருக்கும் பொது. செருப்பை ஒரு வாரம் போடாமல் வைத்தால் பூசணம் பூக்கும். எலிகள் எங்களை ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் சட்டியும் வாளியும் வைத்துவிட்டு, அவற்றின் இடுக்கில்தான் பாய் விரிப்போம். ஆனால் அது எங்கள் வீடு. தகரம் மாற்றினால் சரியாகிவிடக்கூடிய வீடு.

மலையில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு விசித்திரமான பெருமை உண்டு. கீழ்நாட்டில் வீட்டின் வசதியைச் சொல்லிப் பீற்றிக்கொள்வார்கள். எங்கள் லைனில் கஷ்டத்தைச் சொல்லிப் பீற்றிக்கொள்வோம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் டீச்சர், "நேத்து மழைக்கு எங்க ஊட்டுல கட்டில் காலு நனஞ்சு போச்சுங்க" என்று ஆரம்பித்தால், பெரியம்மா உடனே, "காலுதானுங்களே. எங்களுக்கு மெத்தையே போச்சு" என்பார். பெரியப்பா இந்த விஷயத்தில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் வீட்டில் ஒழுகுவது போல் நீலகிரி மாவட்டத்திலேயே எங்கும் ஒழுகாது. அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு களை வரும்.

கட்டடத்துக்கு ஓனர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில் இருந்தார். தகரம் காற்றில் பறந்து எதிர்ப்பக்கச் சரிவில் போய் விழுந்த வருஷம்கூட அவர் வந்து எட்டிப் பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர், நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கார்த்திகை மாதத்தில் தானாக வந்து நின்றார். மொத்தக் கட்டடத்தையும் மராமத்து செய்யப்போவதாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கெழம எஞ்சினியரக் கூட்டியாறனுங்க. என்னென்ன கொற இருக்குதோ, ஒண்ணு விடாம அவருகிட்டக் காட்டோணும். மறைச்சீங்கன்னா வேல நடக்காதுங்க" என்றார்.

எந்த ஆபீஸ் எஞ்சினியர் என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கும் தெரியாது.

அந்த வாரம் லைனே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. எந்தத் தகரத்தில் ஓட்டை, எந்தப் பலகை உளுத்திருக்கிறது என்று பெரியப்பா வீடு வீடாகப் போய்ப் பார்த்து மனப்பாடம் செய்தார். அதிகாரிகளிடம் பேசுவதற்கு எங்கள் லைனில் அவர்தான். ரேஷன் கடையானாலும் மின்வாரியமானாலும் அவர்தான் முன்னால் போவார். குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அச்சடித்ததுபோல் பேசுவார். எங்களுக்கெல்லாம் அதில் ரொம்பப் பெருமை.

அம்மா மட்டும் அந்தத் திருவிழாவில் சேரவில்லை. "தகரம் பறந்தப்ப வராத மனுசன் இப்ப எதுக்குங்க வாறாரு?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா பேப்பரை மடித்துவிட்டு, "நல்லது பண்றேன்னு வாறவங்களையும் சந்தேகப்பட்டா எப்படி?" என்றார். எங்கள் குடும்பத்தில் கணவனின் அண்ணன் முன்னால் நின்று பெண்கள் வாதாடும் வழக்கம் இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவு இருந்தாலும், அது அப்பாவின் காதோடு நின்றுவிடும். அப்பா அதை அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற ரகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தூறிக்கொண்டே இருந்தது. எஞ்சினியர் கழுத்தில் கேமராவோடு வந்தார். ஓனர் தன் குடையை அவர் தலைக்குப் பிடித்துக்கொண்டு, தான் நனைந்தபடி நடந்துவந்தார். அதைப் பார்த்து டீச்சர், "என்ன ஒரு பணிவு பாருங்க" என்றார். பேக்கரியிலிருந்து சுடச்சுட வர்க்கி வாங்கிவந்து தட்டில் வைத்தோம். எங்கள் செலவில்தான்.

எங்கள் ஆட்கள் எஞ்சினியரைப் போட்டி போட்டுக்கொண்டு இழுத்தார்கள். "இங்க வந்து பாருங்க சார், இந்த மூலைல மழ பெஞ்சா நிக்கவே முடியாதுங்க" என்று பெரியம்மா. "எங்க ஊட்டுல பலகையில கால் வெச்சா உள்ள போயிருதுங்க" என்று டீச்சர். "எப்ப விழும்னே தெரியாமத்தானுங்க சார் படுத்திருக்கோம்" என்று பெரியப்பா. அதை அவர் சொன்ன விதத்தில், அப்படிப் படுத்திருப்பது ஏதோ சாதனை போல இருந்தது. எஞ்சினியர் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டே வந்தார். ஓனர் பின்னால் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.

முற்றத்துக்கு வந்ததும் பெரியப்பா, அடுப்புச் சுவரில் இருந்த வெடிப்பைத் தன் குடை நுனியால் மேலிருந்து கீழ்வரை தடவிக் காட்டினார். அடுப்புச் சூட்டில் விட்ட வெடிப்பு அது. அப்பா சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே அப்படியே இருந்தது. அதற்கு மேல் ஒரு நூல்கூட விரியவில்லை. ஆனால் பெரியப்பா, "நாளுக்கு நாள் பெருசாகுதுங்க சார்" என்றார். எஞ்சினியர் கொடியில் தொங்கிய துணிகளைக்கூட விலக்கச் சொல்லாமல் படம் எடுத்தார். அந்தப் படம்தான் இன்றைக்குக் காபிக்கடைச் சுவரில் தொங்குகிறது.

கடைசியாக எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். அம்மா சட்டி, வாளி ஒன்றையும் வெளியே விட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, தரையைத் துடைத்து, சொட்டு விழும் இடத்தில் சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் தானே நின்றுகொண்டிருந்தாள். அவள் தலையில் சொட்டு விழுவது எனக்குத் தெரிந்தது. அவள் அசையவில்லை.

"எங்க ஊட்டுல ஒண்ணும் பெருசா ஒழுகறதில்லீங்க. ரெண்டு தகரம் மாத்தினாப் போதுமுங்க" என்றாள்.

அம்மா அந்நிய ஆணிடம், அதுவும் பெரியப்பா நிற்கும்போது, நேராகப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பெரியப்பா சிரித்தார். "பொம்பளைங்க மானத்துக்குப் பயந்து அப்படித்தான் சொல்லுவாங்க சார். நீங்க இங்க பாருங்க" என்று குடையை உயர்த்தி, தகரத்துக்குக் கீழே அடித்திருந்த பலகையை ஒரு குத்து குத்தினார். உளுத்த பலகையோடு கறுப்புத் தண்ணீர் அம்மாவின் தோளில் கொட்டியது. எஞ்சினியர் அதையும் படம் எடுத்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

போகும்போது ஓனர் பெரியப்பாவின் தோளைத் தட்டி, "நல்லா எடுத்துச் சொன்னீங்க" என்றார். பெரியப்பா அந்த வாரம் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பொங்கல் முடிந்ததும், கட்டடம் எந்நேரமும் விழக்கூடியது, குடியிருப்போர் உடனே காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது. அத்தனை வருஷம் குடியிருந்தவர்களை வேறு எந்த வழியிலும் ஓனரால் அசைத்திருக்க முடியாது. இதெல்லாம் எனக்குப் புரிவதற்கு இருபது வருஷம் பிடித்தது. அன்று ஓனர் கை கூப்பிக்கொண்டு வந்து நின்றதுதான் எனக்குத் தெரியும். "உங்க உசுருதானுங்க முக்கியம். மராமத்து முடிஞ்சதும் மொதல் சாவி உங்க கையிலதான்" என்றார். எல்லோரும் நம்பினார்கள். அவருக்கு மறுபடியும் வர்க்கி வாங்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் ஆட்கள் காட்டிய ஓட்டையெல்லாம் உண்மையான ஓட்டை. எங்கள் வாயால் எங்கள் வீட்டைக் குறை சொல்ல வைத்து, அந்தக் குறையாலேயே எங்களைத் துரத்தினார்கள். அதைக்கூட மன்னித்துவிடலாம். விழப்போகும் சுவர் என்று எழுதிவைத்த அதே சுவரை, அதை இடித்துக் கட்டிய விடுதியில் சட்டம் போட்டு மாட்டி, பார், என்ன அழகு என்று இன்றைக்குக் காசு பார்க்கிறார்களே, அதை என்னால் மன்னிக்க முடியாது. பழைய கட்டடங்கள் போய்விட்டனவே என்று உருகுகிறவர்களைப் பார்த்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவை தாமாக எங்கும் போய்விடவில்லை.

பெரியப்பா அதன்பிறகு எந்த ஆபீசிலும் முன்னால் நின்று பேசியதில்லை. காரமடையில் மகள் வீட்டில் இருந்த காலத்தில், தன் ஓய்வூதிய விஷயத்துக்குக்கூட மருமகனைத்தான் பேசச் சொல்வார்.

காலி செய்த அன்று நல்ல வெயில். அப்பாவும் பெரியப்பாவும் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரப்போகிற வீடுதானே என்று பெரியம்மா அலமாரிப் பலகைகளையும் அம்மிக்கல்லையும் அப்படியே விட்டுவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் அம்மா சுத்தியலை எடுத்துக்கொண்டு சுவரில் இருந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். காலண்டர் ஆணி, கண்ணாடி ஆணி, கொசுவலை ஆணி, ஒன்றையும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். ஒவ்வோர் ஆணியோடும் காரை பெயர்ந்து விழுந்தது.

"எதுக்கும்மா எல்லாத்தையும் புடுங்கறே? வந்ததுக்கு அப்புறம் மறுபடி அடிக்கோணுமே" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. அப்பாவோடு சண்டை போலிருக்கிறது, அந்தக் கோபத்தைச் சுவரில் காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் பயமாக இருந்தது. சுவரை இப்படிப் பாழாக்கினால் ஓனர் திட்டுவாரே, நமக்கு வீட்டைத் திருப்பித் தராமல் போய்விட்டால் என்ன செய்வது. குளியலறையில் மீதியிருந்த சோப்புத் துண்டைத் தண்ணீரில் குழைத்து எடுத்துவந்தேன். அம்மா ஓர் ஆணியைப் பிடுங்கி அடுத்ததுக்கு நகர நகர, நான் அவள் பின்னாலேயே போய், அவள் விட்டுவந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து, விரலால் தேய்த்துச் சமமாக்கிக்கொண்டே வந்தேன்.