பயப்பட வேண்டாம் என்று எழுதியவன்

விழுப்புரம் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன அச்சுக்கூடத்தில் அப்போது எனக்கு வேலை. அச்சுக் கோத்ததைப் படித்துத் திருத்துவது உத்தியோகம். கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் எழுதித் தருவது நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. சோடாக் கடை, மூக்குப்பொடிக் கடை, கூந்தல் தைலம் காய்ச்சும் ஒருவர் என்று எல்லோரும் என்னைத் தேடி வருவார்கள். "எங்கள் சோடாவை ஒரு மடக்குக் குடித்தால் ஒரு மாத அஜீரணம் ஓடிவிடும்" என்று எழுதிய புண்ணியவான் நான்தான். எழுதும்போது கூச்சமே இருக்காது. அச்சேறிப் போன பிறகுதான் பயம் வரும். யாராவது அஜீரணத்தோடு வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வது? ஒருவரும் வரவில்லை. அதனால் தைரியம் வந்து இன்னும் மோசமாக எழுதினேன்.

யுத்த காலம். காகிதம் கிடைப்பதே பெரும்பாடு. நோட்டீஸ்கள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருந்தன. அந்தச் சமயத்தில்தான் திண்டிவனத்திலிருந்து ஒரு நர்ஸம்மா ரயிலேறி வந்தார். அங்கே ஊர்ப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து, நாலு கட்டில் போட்டு, தர்மப் பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று வைத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் வந்தது இரண்டே பேர். சுற்றுப்பட்டுக் கிராமத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி என்றால் சாகப் போகிற இடம். பொங்கலுக்குள் ஆள் வராவிட்டால் மூடிவிடுவது என்று கமிட்டியில் முடிவாகியிருந்தது.

அவர் கொண்டுவந்த தாள் "நவீன சுகாதார முறைகளை அனுசரித்து" என்று ஆரம்பித்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் நான் ஒன்று எழுதினேன். "தாய்மார்களே! பயப்பட வேண்டாம். தாய் வீட்டைவிடப் பத்திரமான இடம் இது. தாயும் சேயும் சுகமாக வீடு திரும்புவது உறுதி."

நர்ஸம்மா இரண்டு தரம் படித்தார். "பயப்பட வேண்டாம்னு நான் யாருக்கும் சொல்றதில்லைங்க. உறுதின்னும் சொல்றதில்லை," என்றார்.

"நோட்டீஸ்ல அப்படித்தாங்க எழுதணும். இல்லன்னா யார் வருவாங்க?" என்றேன். கட்டில்கள் காலியாகக் கிடந்ததால் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்து அச்சடிக்கச் சொன்னார்.

படிக்கத் தெரியாதவர்கள் கையில் நோட்டீஸைக் கொடுத்து என்ன பயன்? ஒலக்கூர்ச் சந்தையில் நானே படித்துக் காட்டுவது என்று ஏற்பாடு. ஒலக்கூர் என் மாமியார் ஊர். தலைப்பிரசவத்துக்கு என் மனைவியை அங்கேதான் விட்டிருந்தேன், ஒன்பதாம் மாதம். அவளையும் பார்த்த மாதிரி ஆயிற்று என்று கிளம்பினேன். ஒரு மாட்டு வண்டி மேல் ஏறி நின்று, குரலை ஏற்றி இறக்கிப் படித்தேன். என் எழுத்தில் எனக்கே மயக்கம். முடித்தபோது மல்லாட்டைக் கூடையோடு, அதாவது வேர்க்கடலைக் கூடையோடு, உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"ஏன் மாப்ளே, இத எழுதினது நீங்கதானே?"

"ஆமாம்."

"உங்க பொண்டாட்டி இங்கதான முழுகாம இருக்குது? அத அங்க இட்டுக்கினு போவீங்களா?"

சந்தையே என்னைப் பார்த்தது. அந்த யோசனை அதுவரை என் தலையில் உதிக்கவே இல்லை என்பதுதான் வெட்கக்கேடு. "கட்டாயம் கூட்டிக்கினு போவேன்," என்று வாய் சொல்லிவிட்டது.

"பாக்கலாம். எம் பொண்ணுக்கும் மார்கழிலதான்," என்று சொல்லி அவள் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மாமியார் வீடு போய்ச் சேர்வதற்குள் சேதி போய்ச் சேர்ந்திருந்தது. மாமியார் என்னோடு நேருக்கு நேர் பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வது போல எனக்குச் சொல்வார். "தாய் வூடு இருக்கசொல்ல தர்ம ஆஸ்பத்திரில போட்டாங்கன்னு ஊரே சிரிக்கும். சோதன பண்ண எம் பொண்ணுதான் கெடச்சாளான்னு கேளுடி உங்க வூட்டுக்காரர." பிறகு அழுகைச் சத்தம். எனக்கு அது வேண்டியதுதான்.

மனைவிக்குப் படிக்கத் தெரியும். அவள் கையில் என் நோட்டீஸ் ஒன்று இருந்தது.

"இதுல எழுதியிருக்கறது நெசமாங்க?"

"ஏன் கேக்கற?"

"சோடாவுக்கு எழுதினதும் நீங்கதானே."

அந்த நாலு கட்டிலை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்க்காத இடத்தைத் தாய் வீட்டைவிடப் பத்திரம் என்று எழுதியிருக்கிறேன். "தெரியலை. நான் அங்க போனதே இல்லை. எனக்குப் பயமா இருக்குது," என்றேன்.

அவள் தாளைச் சின்னதாக மடித்தாள். "எனக்குந்தான். நாளைக்குப் போய்ப் பாத்துக்கினு வாங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க."

மறுநாள் திண்டிவனம் போனேன். கத்தரிக்கோல் கொதிநீரில் கிடந்ததைப் பார்த்தேன். நர்ஸம்மா முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியதைப் பார்த்தேன். வந்த இரண்டு பேரைப் பற்றிக் கேட்டேன். "ஒரு கொழந்தை தங்கலைங்க. அந்தம்மா மூணு நாள் வூட்டுல கஷ்டப்பட்டுட்டுதான் வந்தாங்க. தாயைத்தான் காப்பாத்த முடிஞ்சுது," என்றார். திரும்பி வரும் வழியெல்லாம் இதை மனைவியிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டீஸ் எழுதுகிற புத்தி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அதையும் சொன்னீங்களே. போலாம்," என்றாள்.

அடுத்த பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் காலையில் வலி கண்டது. வைக்கோல் பரப்பிய வண்டியில் அவளைப் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். மாமியார் முணுமுணுப்பாகச் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் அவள் என் கையை நசுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினால், பின்னாலேயே வந்த இன்னொரு வண்டியிலிருந்து மல்லாட்டைக்காரி தனியாக இறங்குகிறாள். எதிரே மரத்தடியில் உட்கார்ந்து கதவையே பார்த்தாள்.

உச்சி வெயில் வந்தது, சாய்ந்தது. உள்ளே என் மனைவி கத்துவது கேட்டது. பிறகு கேட்கவில்லை. கத்தாதது அதைவிட மோசமாக இருந்தது. நர்ஸம்மா வெந்நீருக்காக வெளியே வந்தபோது, "பயப்பட ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன்.

"பயப்படுங்க. ஆனா வழிய விட்டுத் தள்ளி நில்லுங்க."

குழந்தை அழுத சத்தம் கேட்டதும் மாமியார் ஓடினார். நான் வாசலிலேயே நின்றேன். குழந்தை அழுதது, அவள்? மல்லாட்டைக்காரி யாரையும் கேட்காமல் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்து என் எதிரே நின்றாள்.

"நல்லாக்கீறா. கஞ்சி கேக்கறா. பொட்டப் புள்ள." பிறகு உள்பக்கம் திரும்பி, "நர்ஸம்மா, எம் பொண்ணுக்கு அந்த சன்னலோரக் கட்டிலு," என்றாள்.

நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பொங்கலுக்குக் கமிட்டியார் வந்தபோது நாலு கட்டிலிலும் ஆள் இருந்தது. மறுபடி நோட்டீஸ் வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை எழுத மூன்று நாள் ஆயிற்று. "தாய்மார்களே, பயமாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் பயந்தோம். முதலில் ஒரு தரம் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போங்கள். கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொல்வார்கள்." அச்சுக்கூட முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "பயம்னு போட்டு எவனாவது நோட்டீஸ் அடிப்பானாய்யா?"

அச்சான தாளை வீட்டுக்கு எடுத்துப் போனேன். மனைவி மடியில் குழந்தையோடு அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தாள். நான் பரீட்சை எழுதியவன் போல நின்றேன். அவள் சோடாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.